இன்னொரு சர்வர் வாங்கிப் போட்டால் போதுமா?

குடோன் வாசலில் சரக்கு ஏற்றி முடித்த மூன்று லாரிகள் நின்றன. மணி மாலை ஆறரை. பில் போட முடியவில்லை. பில் இல்லாமல் இ-வே பில் எடுக்க முடியாது, இ-வே பில் இல்லாமல் லாரி கேட்டைத் தாண்ட முடியாது. அலுவலகத்தின் பின்னறையில் இருந்த ஒரே சர்வரின் பவர் சப்ளை எரிந்துபோயிருந்தது. மாற்றுப் பாகம் மறுநாள் மதியம்தான் வந்து சேர்ந்தது. டிரைவர்கள் லாரியிலேயே படுத்துத் தூங்கினார்கள். அந்த மொத்த வியாபார நிறுவனத்தின் கணினிகளை அப்போது நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் முதலாளி கூப்பிட்டுக் கேட்டார்: "தம்பி, இன்னொரு சர்வர் வாங்கிப் போட்டுட்டா இனி இப்படி ஆகாதுல்ல?"

"ஆகாது அண்ணாச்சி" என்று உடனே சொல்லத்தான் ஆசை. ஆனால் இரண்டாவது சர்வர் வாங்குவது அந்த வேலையில் மிகச் சுலபமான பகுதி. மீதியை, இதற்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

பல கணினிகள் சேர்ந்து, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே கணினிபோல வேலை செய்வதைத்தான் கிளஸ்டர் என்கிறோம். இது புதிய யோசனை இல்லை. அமெரிக்காவின் டெக் (DEC, டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன்) நிறுவனம் 1983-லேயே வாக்ஸ்கிளஸ்டர் என்ற பெயரில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கிளஸ்டர் போடுவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். வேலை அதிகம், ஒரு மெஷின் தாங்காது என்பது ஒன்று. ஒரு மெஷின் படுத்தாலும் வேலை நிற்கக்கூடாது என்பது மற்றொன்று. நூறு, இருநூறு பேர் பயன்படுத்தும் பில்லிங், ஸ்டாக் மென்பொருளை இன்றைய ஒரு நல்ல சர்வர் தனியாகவே சுமந்துவிடும். அதனால் இங்கே நான் பேசப்போவது இரண்டாவது காரணத்தைப் பற்றி.

முதலில் கொஞ்சம் கணக்கு. ஒரு சர்வர் ஆண்டில் 99 சதவீத நேரம் ஓடுகிறது என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். மீதி 1 சதவீதம் 87.6 மணி நேரம், அதாவது மூன்றரை நாளுக்கு மேல். 99.9 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 8 மணி 45 நிமிடம் நிற்கும். 99.99 என்றால் 52 நிமிடத்துச் சொச்சம். 99 சதவீதம் ஓடும் சர்வர்கள் இரண்டை, ஒன்று போனால் மற்றது தாங்கும்படி அமைத்தால், இரண்டும் ஒரே நேரத்தில் படுக்க வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. கணக்கு 99.99-க்குப் போய்விடுகிறது. ஆனால் மென்பொருளுக்கு ஒன்று, டேட்டாபேஸுக்கு ஒன்று, ஃபைல்களுக்கு ஒன்று என்று மூன்று மெஷின் வாங்கி, மூன்றும் ஓடினால்தான் பில் வரும் என்று வைத்தால் என்ன ஆகும்? 99-ஐ மூன்று முறை பெருக்குங்கள்: 97.03 சதவீதம். ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 11 நாள் நிற்கும். மெஷின் கூடியது, நம்பகம் குறைந்தது. எத்தனை மெஷின் இருக்கிறது என்பதைவிட, எது போனால் எது அந்த வேலையை எடுத்துக்கொள்ளும் என்பதுதான் முக்கியம்.

அந்த 99.99 கணக்கிலும் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. இரண்டு சர்வரும் தனித்தனிக் காரணங்களால் மட்டுமே கெட வேண்டும். இரண்டையும் ஒரே யுபிஎஸ்ஸில் மாட்டியிருந்தால் அந்த யுபிஎஸ் போகும்போது இரண்டும் சேர்ந்து போகும். ஒரே நெட்வொர்க் ஸ்விட்சில் இருந்தாலும் இதே கதைதான். இன்னும் மோசமானது, ஒரே பெரிய மெஷினுக்குள் மூன்று விர்ச்சுவல் மெஷின்களை, அதாவது மென்பொருளால் ஆன கணினிகளை, உருவாக்கிவிட்டு அதைக் கிளஸ்டர் என்று நம்புவது. ரேக்கின் பின்பக்கம் போய், ஒவ்வொரு பவர் கேபிளையும் கையால் தொட்டுக்கொண்டே அது எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். எங்கள் ரேக்கில் பார்த்தபோது, இரண்டு பவர் சப்ளை உள்ள சர்வரின் இரண்டு கேபிளும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகியிருந்தன.

சரி, இப்போது மென்பொருளுக்கு வருவோம். பொதுவாக ஒரு வணிக மென்பொருள் இரண்டு அடுக்காக இருக்கும். மேலே, திரையைக் காட்டி, வரியைக் கணக்கிட்டு, பில்லை உருவாக்கும் அப்ளிகேஷன். கீழே, எல்லாவற்றையும் எழுதி வைக்கும் டேட்டாபேஸ்.

மேல் அடுக்கை இரட்டிப்பது சுலபம். ஒரே அப்ளிகேஷனை இரண்டு மெஷினில் ஏற்றி, அவற்றுக்கு முன்னால் லோட் பேலன்சர் ஒன்றை நிறுத்த வேண்டும். வரும் வேலைகளை அது இரண்டு பக்கமும் பிரித்து அனுப்பும். ஹெச்ஏபிராக்ஸி, என்ஜின்எக்ஸ் இரண்டும் இதற்குப் பலரும் பயன்படுத்தும் இலவச மென்பொருள்கள். "நீ உயிரோடு இருக்கிறாயா?" என்று ஹெச்ஏபிராக்ஸி ஒவ்வொரு சர்வரையும் கேட்டுக்கொண்டே இருக்கும். நாம் எதையும் மாற்றாவிட்டால் 2 விநாடிக்கு ஒருமுறை கேட்கும், தொடர்ந்து 3 முறை பதில் வராவிட்டால் அந்த சர்வரை ஒதுக்கிவிடும். லோட் பேலன்சரே போய்விட்டால்? அதையும் இரண்டாகப் போட்டு, இரண்டுக்கும் பொதுவாக ஒரு ஐபி முகவரி கொடுப்பார்கள். கீப்அலைவ்டி என்ற மென்பொருள், முதல் மெஷின் பேச்சு மூச்சில்லாமல் போனால் அந்த முகவரியை இரண்டாவது மெஷினுக்கு மாற்றிவிடும். கடை இடம் மாறினாலும் போன் நம்பர் மாறாத மாதிரி.

இந்த அடுக்கில் ஆட்கள் வழக்கமாக இடறும் இடங்கள் மூன்று. லாகின் செய்த விவரத்தை அப்ளிகேஷன் தன் நினைவகத்திலேயே வைத்திருந்தால், அடுத்த கிளிக் வேறு சர்வருக்குப் போனதும் "மீண்டும் லாகின் செய்யவும்" என்று வரும். அந்த விவரத்தை ரெடிஸ் போன்ற ஒரு பொது இடத்திலோ டேட்டாபேஸிலோ வைக்க வேண்டும். அடுத்தது ஃபைல்கள். ஸ்கேன் செய்து ஏற்றிய டெலிவரி சலான் முதல் சர்வரின் டிஸ்கில் இருக்கும், இரண்டாவது சர்வரில் தேடினால் இருக்காது. அப்புறம், இரவில் தானாக ஓடும் வேலைகள். இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். பாக்கி வைத்திருக்கும் கடைக்காரர்களுக்கு இரவு 9 மணிக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் நிரல் இரண்டு சர்வரிலும் இருந்தால், ஒவ்வொருவருக்கும் இரண்டு எஸ்எம்எஸ் போகும். எஸ்எம்எஸ் என்றால் தொந்தரவோடு முடிந்துவிடும். வட்டி கணக்கிடும் நிரலாக இருந்தால் கணக்கே கெட்டுவிடும்.

டேட்டாபேஸை இரட்டிப்பது இப்படிச் சுலபமாக முடியாது. அப்ளிகேஷனுக்கு நினைவு வேண்டாம், எந்த சர்வர் செய்தாலும் ஒரே விடைதான். டேட்டாபேஸுக்கோ நினைவுதான் எல்லாம். இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்கு எழுதினால் கணக்கு இரண்டாகிவிடும். அதனால் வழக்கமான ஏற்பாட்டில் ஒருவர் மட்டுமே எழுதுவார், அவருக்கு பிரைமரி என்று பெயர். மற்றவர் அதைப் பார்த்துப் படியெடுத்துக்கொண்டே இருப்பார், அவருக்கு ஸ்டாண்ட்பை என்று பெயர்.

படியெடுப்பது எப்படி நடக்கிறது என்பதைக் கடைக் கணக்கை வைத்தே சொல்லலாம். பழைய கடைகளில் எந்த வரவு செலவையும் முதலில் நாள்வழியில் எழுதுவார்கள், பிறகு நிதானமாகப் பேரேட்டில் ஏற்றுவார்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸும் இதைத்தான் செய்கிறது. ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் வால் (WAL, Write-Ahead Log) எனப்படும் ஒரு பதிவேட்டில் எழுதிவிடும், பிறகுதான் உரிய இடத்தில் சேர்க்கும். அந்த நாள்வழியின் வரிகளை எழுத எழுத இன்னொரு மெஷினுக்கு அனுப்பினால், அங்கேயும் அதே பேரேடு உருவாகிவிடும். போஸ்ட்கிரெஸில் இந்த வசதி 2010-ல் 9.0 பதிப்பில் வந்தது.

இங்கே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும், அதைத் தொழில்நுட்பம் தெரிந்தவர் மட்டும் எடுக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. பிரைமரி தன் நாள்வழியில் எழுதியவுடன் "பில் பதிவாகிவிட்டது" என்று சொல்லிவிடலாமா? அல்லது ஸ்டாண்ட்பையும் எழுதிவிட்டேன் என்று சொல்லும்வரை காத்திருக்க வேண்டுமா? முதல் வழியில் வேகம் கிடைக்கும். ஆனால் சொன்ன மறு நொடியே பிரைமரி எரிந்துபோனால், அந்தக் கடைசிச் சில பில்கள் ஸ்டாண்ட்பையில் இருக்காது. கடைக்காரர் கையில் பில் இருக்கும், கணக்கில் இருக்காது. இரண்டாவது வழியில் பில் தொலையாது, ஆனால் ஒவ்வொரு பில்லும் கொஞ்சம் தாமதமாகும். ஒரே அறையில் இரண்டு மெஷினும் இருந்தால் அந்தத் தாமதம் யாருக்கும் தெரியாது. ஒன்றைச் சென்னையிலும் மற்றதை மும்பையிலும் வைத்தால் தெரியும். இரண்டுக்கும் நேர்க்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டர் இருக்கிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும் என்பதால், போய்வரக் குறைந்தது 10 மில்லிவிநாடி ஆகும். ஒரு பில்லில் நாற்பது முறை டேட்டாபேஸில் தனித்தனியாக எழுதும் மென்பொருளாக இருந்தால் 400 மில்லிவிநாடி.

இரண்டாவது வழியில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்டாண்ட்பை ஒன்றே ஒன்று இருந்து, அது படுத்துவிட்டால், பிரைமரி அதன் பதிலுக்காகக் காத்துக்கொண்டே நிற்கும். உதவிக்கு வைத்த மெஷின் கெட்டதால் நன்றாக ஓடிய மெஷின் நிற்கிறது. இதைத் தவிர்க்க இரண்டு ஸ்டாண்ட்பை வைத்து, இருவரில் யாராவது ஒருவர் பதில் சொன்னால் போதும் என்று அமைக்கலாம். 2017-ல் வந்த பத்தாம் பதிப்பிலிருந்து போஸ்ட்கிரெஸில் அப்படிச் சொல்ல முடியும்.

இனி வருவது முழுக் கட்டுரைக்கும் மையமான விஷயம். இரண்டு டேட்டாபேஸ் சர்வர்கள், அவற்றுக்கு நடுவே ஒரு கேபிள். ஸ்டாண்ட்பையின் இடத்திலிருந்து பாருங்கள். பிரைமரியிடமிருந்து சத்தமே இல்லை. அது செத்துவிட்டதா, அல்லது நடுவில் உள்ள கேபிள் மட்டும் கழன்றுவிட்டதா? உள்ளே இருந்துகொண்டு இதைக் கண்டுபிடிக்க வழியே கிடையாது. இரண்டுக்கும் அறிகுறி ஒன்றுதான்: மௌனம். செத்துவிட்டது என்று நினைத்து ஸ்டாண்ட்பை பொறுப்பை எடுத்துக்கொண்டு, உண்மையில் கேபிள் மட்டும்தான் கழன்றிருந்தது என்றால், இரண்டு மெஷினும் நானே பிரைமரி என்று எழுத ஆரம்பிக்கும். 4512 என்ற பில் எண்ணை ஒன்று ஒரு கடைக்கும் மற்றது வேறொரு கடைக்கும் கொடுக்கும். ஒரு நிதியாண்டுக்குள் ஒரு பில் எண் ஒருமுறைதான் வரலாம் என்பது ஜிஎஸ்டி விதி. இந்த நிலைக்கு ஸ்பிளிட் பிரெயின் என்று பெயர். சர்வர் நின்றுபோவதைவிட இது பல மடங்கு கொடியது. நின்ற சர்வரை ஓட்டிவிடலாம், இரண்டாகப் பிரிந்த கணக்கை ஒவ்வொரு வரியாக உட்கார்ந்துதான் சேர்க்க வேண்டும்.

இதற்கு மருந்து, பெரும்பான்மை. மூன்று பேர் இருக்கும் இடத்தில் கேபிள் எங்கே கழன்றாலும் இரண்டு பேர் கொண்ட பக்கம் ஒன்றுக்கு மேல் உருவாகாது. இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்க்க முடிந்தால் அவர்கள் முடிவெடுக்கலாம், தனியாக நிற்பவர் வாயைத் திறக்கக்கூடாது. இந்தப் பெரும்பான்மைக்குத்தான் கோரம் என்று பெயர், நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கக் கூட்டங்களில் கேட்கும் அதே கோரம். மூன்று மெஷின் இருந்தால் ஒன்றை இழக்கலாம், ஐந்து இருந்தால் இரண்டை இழக்கலாம். நான்கு வைத்தாலும் ஒன்றைத்தான் இழக்கலாம், ஏனென்றால் நான்கில் பெரும்பான்மை மூன்று. எண்ணிக்கையை ஒற்றைப்படையில் வைப்பது இதனால்தான். மூன்றாவது மெஷினில் டேட்டாபேஸ் இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை, ஓட்டுப் போட ஒரு சின்ன மெஷின் போதும். டிஸ்க் மட்டும் வேகமான எஸ்எஸ்டியாக இருக்கட்டும்.

அண்ணாச்சியிடம் இதைச் சொன்னபோது அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. "ரெண்டு பங்காளி மட்டும் இருந்தா வழக்கு தீராது, நடுவில ஒரு ஆள் வேணும்னு சொல்றீங்க" என்றார். அதேதான்.

இதை நிஜத்தில் செய்யும் ஒரு மென்பொருளைக் கிட்டே போய்ப் பார்ப்போம். ஜெர்மனியின் ஸலாண்டோ நிறுவனம் உருவாக்கி எல்லோருக்கும் திறந்துவிட்ட பட்ரோனி என்ற மென்பொருள் போஸ்ட்கிரெஸைக் கவனித்துக்கொள்ளும். எட்சிடி என்ற சின்ன டேட்டாபேஸ் மூன்று மெஷின்களில் ஓடி, ஓட்டெடுப்பைப் பார்த்துக்கொள்ளும். எட்சிடியில் ஒரு சாவி இருக்கும், அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பிரைமரி. அந்தச் சாவிக்கு ஆயுள் 30 விநாடி. பிரைமரி 10 விநாடிக்கு ஒருமுறை வந்து அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். பிரைமரி செத்தால் புதுப்பிக்க ஆள் இல்லை. 30 விநாடியில் சாவி காலாவதியாகும், ஸ்டாண்ட்பை அதை எடுத்துக்கொள்ளும். கேபிள் மட்டும் கழன்றால்? பிரைமரியால் சாவியைப் புதுப்பிக்க முடியாது. அப்போது அது, "நான் உயிரோடுதான் இருக்கிறேன், ஆனால் சாவி என் கையில் இல்லை" என்று தானாகவே எழுதுவதை நிறுத்திக்கொள்ளும். எனக்கு இந்த வடிவமைப்பில் மிகவும் பிடித்தது இதுதான். ஸ்டாண்ட்பை யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை, பிரைமரிதான் தன் உரிமையை 10 விநாடிக்கு ஒருமுறை நிரூபிக்க வேண்டும்.

பிரைமரி உறைந்துபோய், தன் பொறுப்பு பறிபோனதே தெரியாமல் திடீரென விழித்துக்கொண்டால் என்ன செய்வது? அதற்காக லினக்ஸில் வாட்ச்டாக் என்ற காவல் உண்டு. குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால் மெஷினையே ரீபூட் செய்துவிடும். வேறு சில கிளஸ்டர்களில், பொறுப்பேற்கும் மெஷின் முதலில் பழைய மெஷினின் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். முரட்டு வழிதான், ஆனால் கணக்கைக் காப்பாற்றும்.

பெரும்பான்மை சரியாக வேலை செய்தும் சிக்கல் வரலாம். மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தில் 2018 அக்டோபர் 21 அன்று நடந்தது இது. பழுதடைந்துகொண்டிருந்த ஒரு நெட்வொர்க் கருவியை மாற்றும் வழக்கமான வேலையின்போது, அமெரிக்கக் கிழக்குக் கரையில் இருந்த அவர்களுடைய முதன்மை டேட்டா சென்டருக்கான இணைப்பு வெறும் 43 விநாடி அறுந்தது. அதற்குள் மீதி மெஷின்கள் ஓட்டெடுத்து, டேட்டாபேஸ் பொறுப்பை மேற்குக் கரைக்கு மாற்றிவிட்டன. ஆனால் கிழக்கில் கடைசியாக எழுதிய சில வரிகள் மேற்குக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. மேற்கிலும் புதிதாக எழுத ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் மற்றதில் இல்லாத வரிகள். அவற்றைத் தொலைத்துவிடாமல் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவர 24 மணி 11 நிமிடம் ஆனது. மிகவும் பரபரப்பான ஒரு டேட்டாபேஸ் கிளஸ்டரில் அப்படி மாட்டிக்கொண்டவை 954 பதிவுகள் என்று அவர்களே பின்னர் வெளிப்படையாக எழுதினார்கள். படியெடுப்பதில் காத்திருக்க வேண்டுமா வேண்டாமா என்ற அந்த முடிவு எவ்வளவு கனமானது என்று இதிலிருந்து தெரியும்.

கிளஸ்டர் இருக்கிறது, இனி பேக்கப் வேண்டாம் என்று நினைப்பவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். யாராவது தவறுதலாக ஒரு டேபிளை அழித்தால், அந்த அழிப்பும் நாள்வழியில் ஒரு வரிதான். ஒரு விநாடிக்குள் எல்லா ஸ்டாண்ட்பையிலும் அது விசுவாசமாக அழிக்கப்பட்டுவிடும். பேக்கப் வேறு மெஷினில், முடிந்தால் வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறையாவது அதிலிருந்து மீட்டுப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் எல்லோருக்கும் தேவையா? இல்லை. அரை நாள் நின்றாலும் கையால் பில் எழுதிச் சமாளித்துவிடலாம் என்ற கடைக்கு, இரண்டு பவர் சப்ளை உள்ள ஒரு நல்ல சர்வர், இரட்டை டிஸ்க், சோதித்துப் பார்த்த பேக்கப், அலமாரியில் ஒரு உபரி பவர் சப்ளை போதும். கிளஸ்டரைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள் இல்லாத இடத்தில் கிளஸ்டர் கூடுதல் ஆபத்து. கிளவுடில் டேட்டாபேஸை மாத வாடகைக்கு எடுத்தால், ஸ்டாண்ட்பை, பொறுப்பு மாற்றம் எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இணையம் நம்பகமாக இருக்கும் இடத்தில் நான் அதைத்தான் முதலில் சொல்வேன். அந்தக் குடோனுக்கு வந்த இணைய இணைப்பு வாரம் ஒருமுறையாவது அறுந்ததால்தான் சர்வர்களை உள்ளேயே வைத்தோம். இ-வே பில் எடுக்க மட்டும் மொபைல் இணைப்பு ஒன்று தனியாக இருந்தது.

எல்லாம் அமைத்து முடித்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சோதித்துப் பார்த்தோம். மெனுவில் போய் ஷட்டவுன் கொடுத்துச் சோதிப்பதில் பயன் குறைவு. முறையாக நிறுத்தினால் மெஷின் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் போகும், எரிந்துபோகும் மெஷின் சொல்லிக்கொண்டு போவதில்லை. அதனால் பிரைமரியின் பவர் கேபிள்களைப் பிடுங்கினோம். பில்லிங் பார்க்கும் பெண் கவுண்டரில் உட்கார்ந்து தொடர்ந்து பில் போட்டுக்கொண்டிருந்தார். 35 விநாடியில் ஸ்டாண்ட்பை பொறுப்பை எடுத்துக்கொண்டது என் திரையில் தெரிந்தது. அவர் திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், பத்து நிமிடம். "அண்ணா, இன்னும் வரலையே" என்றார்.

காரணத்தைக் கண்டுபிடிக்க மதியமாகிவிட்டது. டேட்டாபேஸுக்கு முன்னால் நின்ற ஹெச்ஏபிராக்ஸி, செத்த மெஷினை ஒதுக்கிவிட்டது உண்மைதான், ஆனால் புதிய இணைப்புகளுக்கு மட்டும். அதற்கு முன்பே திறந்திருந்த இணைப்புகள் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன. மறுமுனையில் ஆள் இல்லை என்று லினக்ஸ் தானாக முடிவுக்கு வரக் கால் மணி நேரம்வரை ஆகலாம். பதில் வராத செய்தியை அது மறுபடி மறுபடி அனுப்பிப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு சர்வரை ஒதுக்கும்போது அதனுடன் உள்ள பழைய இணைப்புகளையும் சேர்த்துத் துண்டிக்கச் சொல்லும் ஒரே ஒரு சொற்றொடரை ஹெச்ஏபிராக்ஸியின் அமைப்பு ஃபைலில் நான் சேர்க்கத் தவறியிருந்தேன். சேர்த்துவிட்டு, அடுத்த ஞாயிறு அதே கேபிள்களைப் பிடுங்கினோம். 41-வது விநாடியில் அடுத்த பில் எண் அவர் திரையில் வந்தது.